மூன்றாவது சிலிண்டர்

கார் ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, திண்டிவனத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் வயதில் இருந்தவர்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டேன். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தன. 2005 தொடக்கத்தில் அது தெரியவந்தது. புதன், சனி இரண்டு நாளும் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

முதலில் பஸ்ஸில்தான் போனோம். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அவரால் நிற்க முடியாது, உட்கார இடம் கிடைக்காது, கிடைத்தாலும் வழியிலேயே வாந்தி வரும். அதனால் புதுச்சேரியில் ஒருவர் சில வருடம் வைத்திருந்த பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். என் கணவர் மரக்காணத்தில் உப்பளம் நடத்திக்கொண்டிருந்தவர். முந்தின வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்தபோது பாத்திகளில் எல்லாம் சேறு ஏறிவிட்டது. அதை வழித்தெடுத்துச் சரி செய்வதற்குள் இவர் படுத்துவிட்டார். அளத்தை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. புதன்கிழமைகளில் லீவு போடுவேன். மற்ற நாட்களில் பாடம், சமையல், அவருக்கு அளந்து வைக்க வேண்டிய தண்ணீர், உப்பில்லாத குழம்பு. உப்பை விளைவித்தவருக்கு உப்பில்லாத சாப்பாடு என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்கள். எங்களுக்கு அது ஒரு மாதத்திலேயே பழகிவிட்டது.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, கூனிமேட்டைத் தாண்டும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. வண்டி லேசாகக் குலுங்கியது, மேடு ஏற முடியாத மாட்டு வண்டியைப் போல ஒரு தயக்கம்.

"என்னம்மா அது?" என்றார் இவர்.

"தெரியல. போய்ச் சேர்ந்துடலாம்."

போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது கூனிமேட்டில், ரோட்டோரமாக ஒரு ஷெட்டில் நிறுத்தினேன். துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் நடத்தும் ஷெட். என் வயதுதான் இருக்கும். தாடியில் பாதி நரை. கம்ப்யூட்டர் வைத்த கார் எது வந்தாலும் அவரிடம் போகச் சொல்வார்கள். கையளவு ஒரு கருவியை எடுத்துவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"மூணாவது சிலிண்டர் மிஸ் ஆவுது டீச்சர்."

"மூணாவதுன்னு எப்படித் தெரியும்?"

"வண்டியே சொல்லுது. கம்ப்யூட்டர் எழுதி வச்சிருக்குது."

"உள்ளே நெருப்பு பத்தலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உள்ளே எதாவது வச்சுப் பாக்குதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. பின் சீட்டில் என் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவர் முகம் நனைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் கேட்டேன். அந்த வருடம் முழுக்க எல்லாரும் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன், எப்படி என்று ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"பாக்காது டீச்சர். அதுக்கு கண்ணு கிடையாது," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய இன்ஜினின் பக்கம் போனார். அதன் ஓரத்தில் பல் பல்லாக ஒரு சக்கரம். "இது இன்ஜினோட சேந்து சுத்தும். பக்கத்துல ஒரு சென்சார். ஒவ்வொரு பல்லும் தன்னைத் தாண்டிப் போறதை அது எண்ணிக்கினே இருக்கும். நாலு சிலிண்டரும் முறை வச்சு வெடிக்குது இல்ல, ஒவ்வொண்ணு வெடிக்கும்போதும் சக்கரத்துக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒண்ணு வெடிக்கலைன்னா அந்தத் தள்ளு இல்ல. அந்த இடத்துல மட்டும் பல்லு கொஞ்சம் லேட்டா வரும். நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

"லேட்டா வந்தது யாரோட முறைன்னு பாத்துச் சொல்லிடும்."

"அவ்ளோதான்."

ஊசல் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் அலைவு நேரம் என்று எழுதிப் போடுகிறேனே, அதே வேலைதான் என்று தோன்றியது. பற்களுக்கு நடுவில் உள்ள நேரத்தை அளப்பது. ஏதோ ஒன்றிரண்டு முறை தவறினால் அது கண்டுகொள்ளாது. இத்தனை சுற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருக்கும், அதைத் தாண்டினால்தான் விளக்கைப் போடும் என்றார் அவர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"விளக்கு சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டினு வாங்க, பாத்துக்கலாம். விட்டு விட்டு எரிஞ்சா மட்டும் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோலு அப்படியே சைலன்சருக்குப் போவும். அங்க ஒரு ஃபில்டர் இருக்குது, அதுக்குள்ள போய் எரியும். அடுப்பு மாதிரி சிவந்துடும். காஞ்ச புல்லு மேல வண்டிய நிறுத்தினா பத்திக்கும்."

மூன்றாவது சிலிண்டரின் தலையில் உட்கார்ந்து பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை எடுத்துக் காட்டினார். ஒயர் போய்ச் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்று. எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளிலிருந்து பள்ளிக்கூட மணி வரைக்கும் எல்லாவற்றிலும் அது உண்டு. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினார். விளக்கு அணைந்தது.

மழைக்காலம் வரைக்கும் வண்டி தொந்தரவு கொடுக்கவில்லை. அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. நின்ற பிறகு பார்த்தால் சாலையில் தார் இருந்த இடத்தைவிடப் பள்ளம் அதிகம். அளத்துக்குப் போகும் கரை மேல் உள்ள மண் பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பாதைதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். டயாலிசிஸ் முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், மரக்காணம் நெருங்கும்போது இவர் கண்ணைத் திறப்பார்.

"கரைப் பக்கம் ஒரு தடவை போயிட்டுப் போலாமா?"

போவோம். அங்கே ஒன்றும் செய்ய மாட்டார். வண்டியை விட்டு இறங்கவும் மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, தண்ணீர் நிற்கும் பாத்திகளையும், பனை ஓலை போட்டு மூடிய பழைய உப்புக் குவியல்களையும் பார்ப்பார். தம்பி எதிரே வந்தால் ஏதாவது ஒரு குறை சொல்வார். வாய்க்கால் மடை சரியில்லை, அந்தப் பாத்தியில் இன்னும் சேறு இருக்கிறது. தம்பியும் "சரிண்ணா" என்று கேட்டுக்கொள்வார். எனக்கோ அந்நேரம் முதுகு விட்டுப்போயிருக்கும். வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், மறுநாளைக்கு விடைத்தாள் திருத்த வேண்டும். இருந்தாலும் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. அவர் வாயைத் திறந்து கேட்பது அது ஒன்றைத்தான்.

மழைக்குப் பிறகு விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை வண்டியில் குலுக்கல் இல்லை, தயக்கம் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. கூனிமேட்டுக்காரர் கருவியைச் செருகிப் பார்த்தார். இந்த சிலிண்டர் என்றில்லாமல் எல்லாவற்றிலும் மாறி மாறி மிஸ் ஆவதாகக் காட்டியது. பிளக் நான்கையும் மாற்றினார். கம்ப்யூட்டர் எழுதியிருந்ததை அழித்து அனுப்பினார். அடுத்த சனிக்கிழமையே மறுபடி எரிந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டேங்கைக் காலி செய்து பார்த்தார். மறுபடியும் எரிந்தது.

"எனக்கே புரியல டீச்சர்," என்றார் ஒருநாள். "சத்தம் கேட்டா நல்லா இருக்குது. ஆனா கம்ப்யூட்டரு மிஸ் ஆவுதுன்னு எழுதுது. பொய் சொல்றதுக்கு அதுக்கு என்ன வந்துச்சு?"

அவர் சலிப்போடு சொன்ன அந்த வார்த்தையில்தான் எனக்கு யோசனை ஓடியது. விளக்கு எப்போது எரிகிறது? போகும்போது எரிவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எரிவதில்லை. திரும்பும்போதும் மரக்காணம் வரும் வரைக்கும் இல்லை. கரைப் பாதையில், பள்ளத்தில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகும்போதுதான் எரிகிறது.

"பாய்," என்றேன், "பல்லு லேட்டா வந்தா மிஸ் ஆச்சுன்னு எடுத்துக்கும்னு சொன்னீங்க. ரோடு தூக்கித் தூக்கிப் போட்டா சக்கரம் தடுமாறும். அந்தத் தடுமாட்டம் இன்ஜின் வரைக்கும் போவும் இல்லையா? அப்பவும் பல்லு லேட்டாத்தானே வரும்?"

அவர் தலையில் தட்டிக்கொண்டார். "அட ஆமாம். அதுக்காகத்தான் வீல்ல இன்னொரு சென்சார் வச்சிருப்பான். ரோடு மோசம்னு அது சொல்லணும். சொன்னா கம்ப்யூட்டரு எண்றதை நிறுத்திடும்." முன் சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயர் உப்பில் அரித்து, உறை மட்டும் நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கும் ஒரு விளக்கு எரிஞ்சிருக்கணுமே டீச்சர்?" என்று சொல்லி மீட்டர் பலகையைக் கழற்றினார். அந்த விளக்கின் பல்பை யாரோ உருவி எடுத்திருந்தார்கள். எங்களுக்கு விற்ற புண்ணியவானாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஒயரும் சென்சாரும் சென்னையிலிருந்து வர வேண்டும், வர நாளாகும் என்றார். "அதுவரைக்கும் அந்தக் கரை மேல போகாதீங்க. இல்லைன்னா எரியும். எரிஞ்சா கண்டுக்காதீங்க."

ஷெட்டில் நாங்கள் பேசியதை எல்லாம் பின் சீட்டிலிருந்து இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மரக்காணம் நெருங்கியது. கண்ணைத் திறந்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நானே வண்டியைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

"எரியுமே," என்றார்.

"எரிஞ்சா எரியட்டும்."

அதற்கப்புறம் அந்த மஞ்சள் விளக்கு எங்களோடு குடியிருந்த மாதிரி ஆகிவிட்டது. கூனிமேட்டைக் கடக்கும்போது பாய் அழித்துத் தருவார், கரைக்குப் போனால் மறுபடி எரியும். கொஞ்ச நாளில் நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்ப்பதற்கு வேறு நிறைய இருந்தன. அவர் கால் வீக்கம், கையில் ஊசி போட்ட இடத்துக் கறுப்பு, மூச்சு வாங்குகிறதா என்று.

2006-இல் வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை. புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கூனிமேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் வரவில்லை, உதறல்தான் வந்தது. சீட்டு, கண்ணாடி, கதவு எல்லாம் ஆடின. விளக்கைப் பார்த்தேன். விட்டு விட்டு எரிந்தது.

நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கொடுத்த நேரம் தவறினால் அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது எப்போது என்று சொல்ல மாட்டார்கள். மெதுவாகவே போய்விடலாம் என்று கொஞ்ச தூரம் உருட்டினேன். அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் உள்ளே வந்தது.

"நிறுத்தும்மா," என்றார் இவர். "அவர்தான் சொன்னாரே."

இடதுபுறம் சவுக்குத் தோப்பு. நிழலாக இருக்கிறதே என்று ஓரமாக இறக்கி நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்கு வந்தேன். இவரை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், இவர் கீழே இறங்கிக் குனிந்து நின்றிருந்தார்.

"புகையுது! வண்டிய எடு, வண்டிய எடு!"

சவுக்கு உதிர்க்கும் காய்ந்த சருகு, மெத்தை மாதிரி கிடக்குமே, அதன் மேல்தான் வண்டி நின்றிருந்தது. வயிற்றுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்து, உதறிக்கொண்டே ரோட்டோர மணலுக்கு ஏறியது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் சருகில் தட்டளவுக்குக் கறுத்து, ஓரத்தில் சிறு சிவப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இவர் செருப்புக் காலால் மிதித்தார். மிதிக்கக் காலைத் தூக்கினால் உடம்பு தள்ளாடியது. பிறகு கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, சுற்றிலும் ஊற்றினார்.

அது அவருடைய தண்ணீர். அன்றைய நாளுக்கு அவர் குடிக்கலாம் என்று காலையில் நான் அளந்து ஊற்றிக் கொடுத்தது. ஒரு வாய் மட்டும் குடித்திருந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்து ஊற்றிவிட்டு, மணலைக் காலால் தள்ளி மூடினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்தியிருந்தா தோப்பே போயிருக்கும்," என்றார் மூச்சிரைத்தபடி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சட்டை முழுக்க வேர்வை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

ஒரு பஸ் கை காட்டியதும் நின்றது. கண்டக்டர் அவரைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி இடம் கொடுத்தார். வழியில் அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே வந்தார். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை.

"ஒரு வாய் வாங்கித் தரட்டுமா?"

"என் பங்கு முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் காலாப்பட்டு நிறுத்தத்தில் ஒரு பாக்கெட் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் படுக்கை போய்விட்டிருந்தது. நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய், மதியத்துக்கு மேல் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அவரைப் படுக்க வைத்துவிட்டு, வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து கூனிமேட்டுக்குப் போன் செய்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டதைச் சொன்னேன்.

பாய் டிவிஎஸ் ஐம்பதில் போய் வண்டியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது சிலிண்டரின் காயில்தான். உடம்பு கீறி, உள்ளே உப்பு ஏறி, அடியோடு செத்துப்போயிருந்தது. அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போகும் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, மீதி மூன்றில் நொண்டியடித்து ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்.

"சாருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல பாய்."

"அல்லா காப்பாத்தினான். அந்த விளக்கு எரிஞ்சா கண்டுக்காதீங்கன்னு நாந்தானே சொன்னேன். அந்த சென்சாரு வர்ற வரைக்கும் உங்களை ஓட்டவே விட்டிருக்கக் கூடாது."

"விட்டு விட்டு எரிஞ்சா நிறுத்துங்கன்னும் நீங்கதான் சொன்னீங்க," என்றேன்.

அடுத்த வாரம் புது காயிலோடு சக்கரத்து ஒயரும் சென்சாரும் மாட்டியாகிவிட்டது. உருவப்பட்ட பல்பையும் திரும்பப் போட்டார். தானே என்னோடு உட்கார்ந்து, கரைப் பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். வண்டி எலும்பு நோகக் குலுங்கியது, விளக்கு எரியவில்லை. "இனிமே சாரை எங்க வேணா கூட்டிக்கினு போங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது, மரக்காணம் நெருங்கியதும் கரைப் பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன்.

"வேணாம்மா," என்றார் இவர். "வீட்டுக்குப் போ."

"இப்ப எரியாதுங்க. சரி பண்ணிட்டார்."

"அதுக்கில்ல. முடியல."

நேராக வீட்டுக்குப் போனோம். அதன்பிறகு அவர் கரைக்குப் போகலாம் என்று கேட்கவே இல்லை. தம்பி வீட்டுக்கு வந்து அளத்து விஷயம் ஏதாவது சொன்னால், "நீ பாத்துச் செய்" என்பார். குறை சொல்வதும் நின்றுவிட்டது. குறை சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி மாதத்துக்கு முன்னாலேயே டாக்டர் வாரம் மூன்று முறை என்றாக்கினார். மூன்று முறை அந்த ரோட்டில் போய்வர எங்கள் இருவராலும் ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்து வாடகைக்குப் போனோம். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காற்றே இல்லை என்று முதல் நாளே சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவரே மெதுவாக நடந்து போய்விடுவார். நர்ஸுகளுக்கு அவரைப் பேர் சொல்லித் தெரிந்தது. பக்கத்துப் படுக்கையில் வரும் ஒரு லாரி டிரைவரோடு சிநேகம் ஆகிவிட்டார். இரண்டு பேரும் உப்பு விலை, டீசல் விலை என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் திரும்பச் சொல்வார். சொல்லும்போது குரல் நன்றாக இருக்கும்.

காரை விற்றுவிட்டோம். எனக்குப் பள்ளிக்கூடம் மரக்காணத்தில்தான். மாற்றல் கேட்டிருந்தேன், வரவில்லை. விடியற்காலையில் அவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். முதல் நாள், கூட்டமில்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள்.

"மேடம், மரக்காணம் வந்துச்சு. இறங்குங்க."

கண்டக்டர். அவ்வளவு தூரமும் தூங்கியிருக்கிறேன். ஸ்டாண்டில் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாளும் தூங்கினேன். அதற்கு மறுநாளும். அந்தக் கண்டக்டர் பிறகு நான் ஏறும்போதே, "தூங்குங்க மேடம், நான் எழுப்புறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.